பழைய பிரிட்டிஷ் கம்ப்யூட்டரும் அதோட சாஃப்ட்வேரும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

சித்தப்பாவோட பழைய ஆம்ஸ்ட்ராட் பெட்டிய தூசி தட்டி ஓட வெக்கறேன்னு எறங்கினதுலேர்ந்து ஆளாளுக்கு அதே நாலு கேள்விய மாத்தி மாத்தி கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் அடிச்சு விரல் தேஞ்சு போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன். 80கள்ல இங்கிலாந்துல வீட்லயும் சின்ன கடை, சின்ன ஆபீஸ்லயும் ஓடின மெஷின்கள், அதுல என்ன சாஃப்ட்வேர் எப்படி ஓடுச்சு, அவ்ளோதான். கேம் பத்தி மட்டும் படிக்க வந்தவங்க கொஞ்சம் ஏமாந்து போவீங்க, எனக்கு கணக்கு வழக்கு, லெட்டர் அடிக்கிற சாஃப்ட்வேர் மேலதான் பைத்தியம்.

எந்தெந்த மெஷின் பத்தி பேசுறீங்க?

முக்கியமா மூணு கம்பெனி. சிங்க்ளேர், ஏகார்ன், ஆம்ஸ்ட்ராட். சிங்க்ளேர் 1980ல இசட்எக்ஸ் 80, 1981ல இசட்எக்ஸ் 81, 1982 ஏப்ரல்ல ஸ்பெக்ட்ரம். ஏகார்ன் கேம்பிரிட்ஜ் கம்பெனி, பிபிசி டிவில கம்ப்யூட்டர் கத்துக்குடுக்க ஒரு நிகழ்ச்சி பண்ணப்போ அதுக்குன்னே 1981 கடைசில பிபிசி மைக்ரோ கொண்டு வந்தாங்க. ஆம்ஸ்ட்ராட் ஆலன் ஷுகரோட கம்பெனி, அதுவரைக்கும் ஹைஃபை செட்டு வித்துட்டு இருந்தவங்க, 1984ல சிபிசி 464, 1985ல பிசிடபிள்யூ 8256. இது போக வேல்ஸ்லேர்ந்து டிராகன் 32, ஓரிக், ஜூபிட்டர் ஏஸ், டாடுங் ஐன்ஸ்டீன்னு ஒரு பட்டாளமே இருந்துச்சு, பாதி ரெண்டு மூணு வருஷத்துல காணாம போயிருச்சு. ஜூபிட்டர் ஏஸ் மட்டும் தனி பிறவி, ஊரே ப்ரோக்ராம் எழுத பேசிக் மொழிய வெச்சிருக்கறப்ப அவங்க ஃபோர்த் மொழிய போட்டு வித்தாங்க, எவன் வாங்குவான்.

விலை ஞாபகம் வெச்சுக்கோங்க, ஏன்னா மத்த எல்லாமே அதுலேர்ந்துதான் வருது. இசட்எக்ஸ் 81 நீங்களே சால்டர் பண்ணிக்கிட்டா 49.95 பவுண்டு, ரெடியா வாங்கினா 69.95. ஸ்பெக்ட்ரம் 16கே 125, 48கே 175. பிபிசி மைக்ரோ பி மாடல் 335ல ஆரம்பிச்சு சீக்கிரமே 399 ஆயிருச்சு. பள்ளிக்கூடம் வாங்கிச்சு, வசதியான வீட்ல வாங்கினாங்க, மத்தவங்க வீட்ல ஸ்பெக்ட்ரம்.

ஒண்ணோட சாஃப்ட்வேர் இன்னொண்ணுல ஓடுமா?

ஓடாது. சிங்க்ளேர், ஆம்ஸ்ட்ராட்ல இசட் 80 சிப்பு, பிபிசில 6502, அது ஒரு காரணம். ஆனா ஒரே சிப்பு இருந்தாலும் ஓடாது, ஏன்னா ஸ்க்ரீன் மெமரி ஒவ்வொண்ணுலயும் வேற எடத்துல வேற மாதிரி இருக்கும், கீபோர்டு படிக்கிற விதம் வேற, டேப்ல எழுதுற சத்தமே வேற. ஒரே சாஃப்ட்வேர எழுதுற ஆளு மூணு தடவை எழுதணும். சிபி/எம்னு ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓடுற மெஷின்ல மட்டும் கொஞ்சம் ஒத்துமை உண்டு, அதுக்கு கீழ வர்றேன்.

டேப்லயா சாஃப்ட்வேர்? பாட்டு கேக்குற கேசட்லயா?

அதே கேசட்டுதான். டேப் ரெக்கார்டர்லேர்ந்து ஒரு ஒயர் எடுத்து கம்ப்யூட்டர்ல சொருகணும். ஸ்பெக்ட்ரம்ல ஜே கீய தட்டினா லோட்னு முழு வார்த்தையும் வந்துரும் (ஒவ்வொரு கீக்கும் ஒரு பேசிக் வார்த்தை, எழுத்து எழுத்தா அடிக்க விடாது), அப்புறம் சிம்பல் ஷிஃப்ட் அமுக்கிக்கிட்டு பீய ரெண்டு தடவை தட்டினா மேற்கோள் குறி ரெண்டு, என்டர், டேப்ப ப்ளே பண்ணு. முதல்ல நீளமா ஒரே சுருதில கூவும், ஸ்க்ரீனோட ஓரத்துல சிவப்பும் வெளிர்நீலமும் பட்டை பட்டையா மெதுவா ஓடும். அப்புறம் கிர்ர்ர்னு தகரத்தை சொரியற சத்தம், ஓரம் நீலமும் மஞ்சளுமா துடிக்கும். அப்பதான் டேட்டா வருதுன்னு அர்த்தம்.

சத்தம்னு சொன்னேன்ல, உண்மையிலேயே அவ்ளோதான், சின்ன துடிப்பு வந்தா சைபர், அது போல ரெட்டை நீளத் துடிப்பு வந்தா ஒண்ணு. செகண்டுக்கு சுமார் 1500 பிட். முதல்ல பெரும்பாலும் படம் ஒண்ணு வரும், அது வர்ற அழகே தனி, ஸ்க்ரீன மூணா பிரிச்சு வெச்சிருப்பாங்க, மேல் பங்குல முதல்ல எட்டு கோட்டுக்கு ஒரு கோடு விட்டு விட்டு வரும், அப்புறம் இடுக்கெல்லாம் ரொம்பும், ரொம்பி முடிச்சப்புறம் நடு பங்கு, அப்புறம் அடி பங்கு, எல்லாம் கருப்பு வெள்ளைதான். கடைசில 768 பைட் கலர் தகவல், அது நாலு செகண்டுல மேலேர்ந்து கீழ சரசரன்னு பெயிண்ட் அடிச்ச மாதிரி எறங்கும். அதுக்கப்புறம் மூணு நாலு நிமிஷம் அந்த படத்தையே வெறிச்சு பாத்துட்டு உக்காந்திருக்கணும். கடைசி பத்து செகண்டுல யாராவது ஃப்ரிட்ஜ் கதவ தொறந்தா போச்சு, டேப் லோடிங் எர்ரர்னு ஒரே வரி, ரீவைண்ட் பண்ணி முதல்லேர்ந்து.

வால்யூம் எவ்ளோ வெக்கணும்னு ஒவ்வொரு டேப் ரெக்கார்டருக்கும் ஒரு ரகசியம், பேனாவால கோடு கிழிச்சு வெச்சிருப்பாங்க. அதுக்கும் படியலன்னா டேப் ஹெட்டு பக்கத்துல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அத ஒரு பொடி ஸ்க்ரூட்ரைவர் வெச்சு இப்படி அப்படி திருப்பி சத்தம் கணீர்னு வர்ற எடத்துல விடணும். அந்த ஊர் பசங்க எல்லாம் இத அஞ்சாங்கிளாஸ்லயே கத்துக்கிட்டவங்க.

டேப்ல லாபம் என்னன்னா காசு. டூப்ளிகேட் எடுக்கற செலவு சல்லிசு, 1983ல வந்த மாஸ்டர்ட்ரானிக் 1.99 பவுண்டுக்கு பெட்டிக்கடை மாதிரி எடத்துல எல்லாம் கேம் தொங்க விட்டு வித்தாங்க.

இசட்எக்ஸ் 81ல கடை கணக்கு போட்டாங்கன்னு சொல்றது நிஜமா?

நிஜம்தான், பாவம். 1 கேபி ராம், அதுல ஸ்க்ரீனுக்கும் எடம் வேணும். பின்னாடி 16கே ராம் பேக் ஒண்ணு சொருகினா ஏதோ பண்ணலாம், ஆனா அந்த பேக் லொடலொடன்னு ஆடும், கீபோர்ட கொஞ்சம் அழுத்தி தட்டினா மெஷின் செத்துரும், ப்ளூ டாக்குன்னு களிமண்ணு மாதிரி ஒட்டற ஒண்ண வெச்சு எல்லாம் நிறுத்தினாங்க. இந்த மெஷின்ல ப்ராசஸரே படமும் வரையணும், அதனால ஸ்லோ, ஃபாஸ்ட்னு ரெண்டு மோடு, ஃபாஸ்ட்னு குடுத்தா கணக்கு முடியற வரைக்கும் ஸ்க்ரீன் இருட்டு.

ஆனா நான் முதல் தடவை படிச்சிட்டு தலையில கை வெச்ச விஷயம் வேற. இசட்எக்ஸ் 81ல டேட்டா ஃபைல்னு ஒண்ணே கிடையாது. சேவ்னு குடுத்தா ப்ரோக்ராமும் அது அப்போ மெமரில வெச்சிருக்கற வேரியபிளும் சேந்து ஒரே கட்டா டேப்ல போகும். அப்போ உங்க ஸ்டாக் லிஸ்டு எங்க இருக்கு? ப்ரோக்ராமுக்கு உள்ளயே. தெனமும் சாயங்காலம் மொத்த சாஃப்ட்வேரையும் சேத்து புதுசா டேப்ல எழுதணும், 16கே முழுசுன்னா ஆறேழு நிமிஷம். மறுநாள் லோட் பண்ணிட்டு பழக்கதோஷத்துல ரன்னு அடிச்சீங்கன்னா முடிஞ்சுது கதை, ரன் கமாண்டு வேரியபிள் எல்லாத்தையும் துடைச்சிட்டுதான் ஆரம்பிக்கும், நேத்து வரைக்கும் ஏத்தின சரக்கு கணக்கு எல்லாம் காத்துல. கோ டூ போட்டு லைன் நம்பர் குடுத்துதான் ஆரம்பிக்கணும். ஒரு கடைக்காரர் இந்த வித்தியாசத்த என்னிக்கு, எப்படி கத்துக்கிட்டிருப்பாருன்னு யோசிச்சு பாருங்க.

அதே மெஷின்ல டேவிட் ஹார்ன்னு ஒருத்தர் 1 கேபிக்குள்ள செஸ் எழுதினாரு, 672 பைட். கேஸ்லிங் எல்லாம் கிடையாது, ஆனா எதிர்த்து ஆடும். இதுக்கு முந்தின பாராவ தமிழ்ல சேவ் பண்ணாலே அதுக்கு மேல பைட் ஆகும்.

ஸ்பெக்ட்ரம்ல லெட்டர் அடிக்க முடியுமா?

டாஸ்வேர்டு டூ இருந்துச்சு. ஸ்பெக்ட்ரம்ல வரிக்கு 32 எழுத்துதான், அகலம் 256 புள்ளி, எழுத்துக்கு எட்டு புள்ளி. டாஸ்வேர்டு ஆளுங்க எழுத்த நாலு புள்ளிக்கு சுருக்கி 64 எழுத்து கொண்டு வந்தாங்க, நாலு புள்ளில எழுத்து எப்படி இருக்கும், எறும்பு ஊர்ற மாதிரிதான், அதுவும் வீட்டு டிவில. ரப்பர் கீபோர்டுல பத்து பக்கம் அடிச்சவங்களுக்கு கோயில் கட்டலாம். சைன் நிறுவனம் (பின்னாடி கைல வெச்சுக்கற ஆர்கனைஸர் பண்ணாங்களே, அவங்களேதான்) வியூ கால்க், வியூ ஃபைல்னு கணக்குக்கும் விலாச லிஸ்டுக்கும் சாஃப்ட்வேர் குடுத்தாங்க. பிரிண்ட்டுக்கு இசட்எக்ஸ் பிரிண்டர், வெள்ளி கலர் பேப்பர் மேல தீப்பொறி வெச்சு சுட்டு எழுதும், ஒரு மாதிரி கருகின வாடை வரும், அகலம் பஸ் டிக்கெட்ட விட கொஞ்சம் பெருசு. அதுல பில்லு அடிச்சு கஸ்டமருக்கு குடுத்தா வாங்குவாரா?

பிபிசி மைக்ரோல என்ன விசேஷம்?

சாஃப்ட்வேர் சிப்புல வந்துச்சு. டேப்பு இல்ல, டிஸ்க்கு இல்ல, கருப்பா பூரான் மாதிரி கால் வெச்ச ரோம் சிப்பு (எழுதினது அழியாத மெமரி). மூடிய தொறந்து கீபோர்ட கழட்டி நகத்தி வெச்சிட்டு போர்டுல காலியா இருக்கற சாக்கெட்டுல கால் ஒண்ணுகூட மடங்காம அமுக்கி சொருகணும். சொருகிட்டு ஆன் பண்ணா அந்த சாஃப்ட்வேர் அங்கயே இருக்கும், லோடிங் கிடையாது, ஒரு நட்சத்திரக் குறி போட்டு பேர அடிச்சா கண் இமைக்கறதுக்குள்ள வந்துரும். இன்னிக்கு என் லேப்டாப்ல வேர்டு தொறக்கற நேரத்துல அதுல ரெண்டு வரி அடிச்சிடலாம், சும்மா சொல்லல, நெஜமாவே.

பி மாடல்ல இந்த மாதிரி சாக்கெட்டு நாலு. ஒண்ணுல பேசிக் (ஸோஃபி வில்சன் எழுதினது, அந்த காலத்து பேசிக்லயே ஒழுங்கானது அதுதான், சண்டைக்கு வந்தாலும் மாத்திக்க மாட்டேன்), டிஸ்க் ட்ரைவ் வெச்சிருந்தா ஒண்ணுல டிஎஃப்எஸ் (டிஸ்க்க ஓட்டற சாஃப்ட்வேர்), மிச்சம் ரெண்டு. நாலு சிப்பும் ஒரே 16 கேபி முகவரில மாத்தி மாத்தி வந்து நிக்கும், அதனால எத்தன ரோம் போட்டாலும் 32 கேபி ராம்ல பெருசா கை வெக்காது. இதான் சூட்சுமம்.

வேர்டுவைஸ் நல்லதா, வியூ நல்லதா?

அந்த ஊர்ல இதுக்கு ரெண்டு கட்சி. வேர்டுவைஸ் கம்ப்யூட்டர் கான்செப்ட்ஸ் கம்பெனியோடது, வியூ ஏகார்னோட சொந்த சரக்கு. ரெண்டுமே ரோம். யாரு நல்லவங்கன்னு பாக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் கணக்கு பாக்கணும், ஏன்னா பிபிசி மைக்ரோல ஸ்க்ரீனும் அதே 32 கேபிலேர்ந்துதான் தின்னும். வரிக்கு 80 எழுத்து வேணும்னா மோடு 3, அது 16 கேபிய முழுங்கிரும். வரிக்கு 40 எழுத்து போதும்னா மோடு 7, டெலிடெக்ஸ்ட் மோடு, அதுக்கு வெறும் 1 கேபி. மெஷின் தன் சொந்த வேலைக்கு 3584 பைட் வெச்சுக்கும், டிஎஃப்எஸ் வேற தன் பங்குக்கு 2816 பைட்ட எடுத்துக்கும். ஆக டிஸ்க் வெச்சிருக்கற ஆளுக்கு மோடு 3ல மிச்சம் 9984 பைட், மோடு 7ல 25344 பைட். முன்னது மூணு நாலு பக்கம், பின்னது எட்டு ஒம்போது பக்கம்.

வியூ 80 எழுத்த காட்டிச்சு, பேப்பர்ல வர்ற மாதிரியே ஸ்க்ரீன்ல தெரியும், ஆனா நாலு பக்கம் அடிச்சதும் மெமரி ஃபுல். வேர்டுவைஸ் மோடு 7லயே அடிக்க விட்டுச்சு, எழுத்து பெருசா தெளிவா டிவிலயே படிக்கலாம், ஓரம் விடறது வரி நீளம் மாதிரி கட்டளை எல்லாம் நடுநடுவுல பச்சை கலர்ல எழுதணும், எஃப் 1 தட்டினா பச்சை, எஃப் 2 தட்டினா திரும்ப வெள்ளை. எப்படி வரும்னு பாக்கணுமா, எஸ்கேப் தட்டி மெனுவுக்கு போயி 7ம் நம்பர் குடுத்தா 80 எழுத்துல காட்டும். எழுதறது ஒரு எடம், பாக்கறது ஒரு எடம். நான் வேர்டுவைஸ் கட்சி, பத்திரிகைக்காரங்க நெறைய பேர் அந்த பக்கம்தான் இருந்தாங்க, எழுதறப்போ பக்கம் எப்படி இருக்குன்னு பாத்து என்ன பண்ணப் போறோம்? கீபோர்டுக்கு மேல ஒரு ப்ளாஸ்டிக் பட்டைக்கு கீழ எந்த எஃப் கீ என்ன பண்ணும்னு அச்சடிச்ச அட்டைய சொருகி வெச்சுக்கலாம், அது தொலைஞ்சா மட்டும் ஆள் காலி.

டிவி வழியா சாஃப்ட்வேர் அனுப்பினாங்களாமே?

ஆமா, 1983லேர்ந்து 1989 வரைக்கும் பிபிசியோட சீஃபேக்ஸ் சேவைல. டிவி சிக்னல்ல படம் வராத சில கோடு இருக்கும், அதுலதான் நியூஸ், வானிலை பக்கம் எல்லாம் எழுத்தா போகும், அதே மாதிரி ப்ரோக்ராமையும் பக்கம் பக்கமா அனுப்பினாங்க. டெலிடெக்ஸ்ட் அடாப்டர்னு ஒரு பெட்டி வாங்கி பிபிசி மைக்ரோல மாட்டினா ஆன்டெனாலேர்ந்து சாஃப்ட்வேர் எறங்கும். பக்கம் எல்லாம் சுத்தி சுத்தி வரும், உங்களுக்கு வேணுங்கற பக்கம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும், விட்டா அடுத்த சுத்து. இன்டர்நெட் வீட்டுக்கு வர்றதுக்கு பல வருஷம் முன்னாடி இது.

நம்ம ஊருக்கும் இந்த மெஷினுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. 1984ல இந்திய அரசு கிளாஸ்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு பள்ளிக்கூடங்கள்ல கம்ப்யூட்டர் வெச்சாங்கல்ல, அதுல வந்தது பிபிசி மைக்ரோதான். நாப்பது அம்பது வயசுக்காரங்க சில பேர் "எங்க ஸ்கூல்ல செருப்ப வெளிய விட்டுட்டு ஏசி ரூமுக்கு போயி ஒரு கம்ப்யூட்டர தொட்டோம், ஆன் பண்ணா பூ-பீப்னு ஒரு சத்தம்"னு சொன்னா, அந்த சத்தத்த வெச்சே கண்டுபிடிச்சிரலாம்.

சிங்க்ளேர் க்யூஎல் பிசினஸுக்குன்னே வந்ததுதானே, என்ன ஆச்சு?

1984 ஜனவரில 399 பவுண்டுக்குன்னு அறிவிச்சாங்க, மெஷின் ரெடியே ஆகல. முதல்ல போன பெட்டில எல்லாம் ரோம் உள்ள அடங்காம பின்னாடி ஒரு துண்டு வால் மாதிரி தொங்கிட்டு இருந்துச்சு. சாஃப்ட்வேர் குறை சொல்ல முடியாது, சைன் எழுதின க்வில், அபாகஸ், ஆர்க்கைவ், ஈஸல், லெட்டருக்கு ஒண்ணு, கணக்குக்கு ஒண்ணு, டேட்டாபேஸுக்கு ஒண்ணு, சார்ட்டுக்கு ஒண்ணுன்னு நாலும் பெட்டியோடயே ஃப்ரீ. ஆனா அத வெச்சது மைக்ரோட்ரைவ்ல, ஸ்டாம்பு சைஸ் டப்பால வளையமா சுத்தற டேப்பு, கிழியும், நீளும், படிக்காது. கணக்கு வழக்க அத நம்பி எவனும் குடுக்கல. லினக்ஸ் எழுதின லினஸ் டோர்வால்ட்ஸ் சின்ன வயசுல இந்த மெஷின்தான் வெச்சிருந்தாரு, க்யூஎல்லால உலகத்துக்கு ஏதாவது நடந்துச்சுன்னா அதான்.

சரி, உங்க சித்தப்பா மெஷினுக்கு வாங்க. ஆம்ஸ்ட்ராட் பிசிடபிள்யூ அப்படி என்ன பெருசு?

க்யூஎல் பண்ண நெனச்சத இது பண்ணிக் காட்டிச்சு. 1985 செப்டம்பர், 399 பவுண்டு, வாட் வரி 15 சதவீதம் சேத்தா 458.85. அந்த காசுக்கு பச்சை ஸ்க்ரீன் மானிட்டர், அதுக்குள்ளயே கம்ப்யூட்டரும் டிஸ்க் ட்ரைவும், கீபோர்டு, பிரிண்டர், லெட்டர் அடிக்கிற சாஃப்ட்வேர் எல்லாம் ஒரே பெட்டில. ஐபிஎம் மாதிரி பிசியும் பிரிண்டரும் சாஃப்ட்வேரும் தனித்தனியா வாங்கினா ஆயிரத்த தாண்டிரும். ஷுகர் கம்ப்யூட்டர்காரங்கள பாத்து விக்கல, டைப்ரைட்டர் வெச்சிருக்கறவங்கள பாத்து வித்தாரு. டிக்ஸன்ஸ் மாதிரி டிவி, ரேடியோ விக்கற கடைல வாஷிங் மெஷின் பக்கத்துலயே வெச்சு வித்தாங்க. எல்லா மாடலும் சேத்து 80 லட்சம் வரைக்கும் போச்சுன்னு சொல்லுவாங்க, 1998 வரைக்கும் ஏதோ ஒரு மாடல் இருந்துச்சு.

காசு எங்கெங்க மிச்சம் பிடிச்சாங்கன்னு பாத்தா ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் மரியாதை. பிரிண்டருக்கு சொந்த மூளை கிடையாது, அத ஓட்டறது எல்லாம் மானிட்டருக்குள்ள இருக்கற சர்க்யூட்டு, பிரிண்டர் மேல பட்டன்கூட இல்ல, கீபோர்டுல ஒரு கீய தட்டிதான் பிரிண்டர் கூட பேசணும். அதனால வேற பிரிண்டர் மாட்டணும்னா தனியா இன்டர்ஃபேஸ் வாங்கணும். டிஸ்க்கு ஊரே போற மூணரை இஞ்ச் இல்ல, மூணு இஞ்ச், கெட்டியான ப்ளாஸ்டிக், ஒரு பக்கம் 173 கேபி, திருப்பி போட்டா இன்னொரு 173. அந்த டிஸ்க்கு விலையும் ஜாஸ்தி, சில சமயம் கடைலயும் கெடைக்காது.

லோகோஸ்கிரிப்ட் எப்படி இருக்கும்?

டோர்கிங்ல இருந்த லோகோமோட்டிவ் சாஃப்ட்வேர் எழுதினது. இது சிபி/எம் மேல ஓடல, ஆன் பண்ணி டிஸ்க்க போட்டா நேரா இதுதான் வரும், மெஷினே இதுதான். முதல் ஸ்க்ரீன்ல ட்ரைவ் ஏ, பி, எம், ஒவ்வொண்ணுலயும் எட்டு குரூப்பு, அதுக்கு "லெட்டர்", "பில்லு"ன்னு பேர் வெச்சுக்கலாம். குரூப்புக்குள்ள டெம்ப்ளேட்னு ஒரு ஃபைல் வெச்சிட்டா, சி தட்டி புதுசா ஒண்ணு ஆரம்பிச்சதும் உங்க கடை பேரு விலாசம் எல்லாத்தோடயும் அதோட காப்பி வந்து நிக்கும். ஸ்க்ரீன்ல வரிக்கு 90 எழுத்து, 32 வரி, அந்த விலைக்கு வேற எவனும் குடுக்கல.

கீபோர்டுல ஸ்பேஸ் பார் பக்கத்துல ப்ளஸ் ஒண்ணு மைனஸ் ஒண்ணுன்னு தனி கீ. எழுத்து கெட்டியா வேணுமா, ப்ளஸ், பி. போதுமா, மைனஸ், பி. கை பழகிட்டா மவுஸ எடுத்து மெனுவ தேடுறவன விட வேகம். தெரியாதவனுக்கு, ப்ளஸ்ஸ தட்டிட்டு கொஞ்சம் சும்மா இருந்தா மெனுவே தானா எறங்கி வந்து என்னென்ன அடிக்கலாம்னு காட்டும். தெரிஞ்சவன தொந்தரவு பண்ணாது, தெரியாதவன கை விடாது, இந்த ஒரு யோசனைக்காகவே எழுதினவங்கள கையெடுத்து கும்பிடுவேன்.

குறை? நெறைய. மெதுவு. இருபது பக்க டாகுமென்ட்ல கடைசிக்கு போகணும்னா டீ போட்டுட்டு வரலாம். முதல்ல ஸ்பெல்லிங் பாக்கற வசதி, மெயில் மெர்ஜ் எதுவும் இல்ல, லோகோஸ்பெல், லோகோமெயில்னு அப்புறமா தனித்தனியா வித்தாங்க. இன்னொண்ணு, ட்ரைவ் எம்னு ஒண்ணு சொன்னேன்ல, அது டிஸ்க்கே இல்ல, ராம். படு வேகம், ஆனா ஸ்விட்ச அணைச்சா எல்லாம் போச்சு. சித்தப்பா முதல் மாசமே ரெண்டு நாள் அடிச்ச விலைப் பட்டியல அங்க சேவ் பண்ணிட்டு "கரண்டு வீணா போகுது"ன்னு ஆஃப் பண்ணிட்டு படுக்கப் போனவரு. அந்த கதைய சித்தி இன்னிக்கும் விடறதில்ல.

லெட்டர் தவிர கணக்கு எல்லாம்?

அதுக்கு இன்னொரு டிஸ்க்குல சிபி/எம் ப்ளஸ் குடுத்தாங்க. ஆன் பண்ணி அத போட்டா கமாண்டு அடிக்கறதுக்கு பழைய கால ஏ ப்ராம்ப்ட். சிபி/எம் அப்போ சாகக் கெடந்த சிஸ்டம், ஆனா வருஷக்கணக்கா சேந்த சாஃப்ட்வேர் இருந்துச்சு, சூப்பர்கால்க் 2 (கணக்கு அட்டவணை), டிபேஸ் 2 (டேட்டாபேஸ்) எல்லாம் மூணு இஞ்ச் டிஸ்க்குக்கு மாத்தி கம்மி விலைக்கு விட்டாங்க. நியூகாஸில்ல 1981ல ஆரம்பிச்ச சேஜ் கம்பெனியோட அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேர் சின்ன கடைகளுக்கு உள்ள போனது இந்த மெஷின் மேல ஏறித்தான், இன்னிக்கு அது பெரிய நிறுவனம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வாட் ரிட்டர்ன் போடணும், வாங்கினதுல கட்டின வரி ஒரு பக்கம், வித்ததுல வசூலிச்சது ஒரு பக்கம், கழிச்சு மிச்சத்த கட்டணும், நம்ம ஜிஎஸ்டி மாதிரியேதான். பேரேட்டுல கூட்டி கூட்டி தப்பு பண்றவங்களுக்கு அந்த ஒரு வேலைக்கே மெஷின் வாங்கின காசு வந்துரும்.

மல்லார்டு பேசிக்னு ஒண்ணும் கூட வந்துச்சு, இதுவும் லோகோமோட்டிவ்தான், 1938ல நீராவி ரயில் வேக சாதனை பண்ணின இன்ஜின் பேரு. படம் வரைய ஒரு கமாண்டுகூட கிடையாது, ஆனா பேர் குடுத்தா நேரா அந்த ரெக்கார்ட எடுத்துக் குடுக்கற ஃபைல் வசதி இருந்துச்சு. யாருக்கு விக்கறோம்னு தெரிஞ்சு பண்ணிருக்காங்க.

காப்பி அடிக்கலயா யாரும்?

அடிக்காமயா. ரெண்டு டேப் ரெக்கார்டர் இருந்தா போதும். அத தடுக்க என்னென்னவோ பண்ணாங்க, ஜெட் செட் வில்லி கேமோட கலர் கட்டம் போட்ட அட்டை வரும், இந்த கட்டத்துல என்ன கலர்னு கேக்கும், கலர் ஜெராக்ஸ் இல்லாத காலம், பசங்க உக்காந்து கலர் பென்சில்ல காப்பி எடுத்தாங்க. லென்ஸ்லாக்னு ஒரு ப்ளாஸ்டிக் லென்ஸ ஸ்க்ரீன் மேல வெச்சு கலைஞ்ச எழுத்த படிக்க சொன்னாங்க, ஸ்பெக்ட்ரத்துக்கு வந்த எலைட் கேம்ல சில பெட்டிக்கு வேற கேமோட லென்ஸே போயிருச்சு, காசு குடுத்து வாங்கினவன் வெளிய, காப்பி அடிச்சவன் உள்ள.

இப்போ ஓட்டிப் பாக்கணும்னா?

மெஷின் வாங்க வேணாம், எமுலேட்டர் (பழைய மெஷின் மாதிரியே நடிக்கற சாஃப்ட்வேர்) போதும். ஸ்பெக்ட்ரத்துக்கு ஃப்யூஸ், பிபிசிக்கு ஜேஎஸ்பீப் (ப்ரவுசர்லயே ஓடும்), பிசிடபிள்யூக்கு ஜாய்ஸ். இந்த ஜாய்ஸ்ங்கறது மெஷினுக்கு ஆம்ஸ்ட்ராட் உள்ளுக்குள்ள வெச்ச பேரு, ஷுகரோட செக்ரட்டரி பேரு, ஜெர்மனில அதே பேர்லதான் வித்தாங்க. 1986ல சிங்க்ளேரோட கம்ப்யூட்டர் வியாபாரத்தையே 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கினது ஆம்ஸ்ட்ராட்தான், ஸ்பெக்ட்ரம் ரோம எமுலேட்டரோட சேத்து குடுக்கலாம்னு பின்னாடி அவங்களே அனுமதி குடுத்துட்டாங்க. மத்த சாஃப்ட்வேருக்கு உரிமை யார்கிட்டன்னு ஒவ்வொண்ணா பாத்துக்கோங்க.

என்கிட்ட மூணு இஞ்ச் டிஸ்க்கு இருக்கு, படிக்க மாட்டேங்குது, டிஸ்க்கு கெட்டுப் போச்சா?

பெரும்பாலும் டிஸ்க்கு நல்லாதான் இருக்கும், ட்ரைவ்தான் போயிருக்கும். உள்ள மோட்டாரையும் சக்கரத்தையும் சேக்கற ஒரு ரப்பர் பெல்ட்டு, நாப்பது வருஷத்துல ஒண்ணு தளர்ந்திருக்கும், இல்ல உருகி தார் மாதிரி ஒட்டிட்டு இருக்கும். எனக்கு ரெண்டாவது. பட்ஸும் ஸ்பிரிட்டும் வெச்சு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க சுரண்டி எடுத்தேன், பெல்ட்டு தனியா விக்கறாங்க, மாட்டறது அஞ்சு நிமிஷம். ரெண்டு எச்சரிக்கை: மானிட்டருக்குள்ள பிக்சர் ட்யூப் இருக்கு, ஆஃப் பண்ணியும் ரொம்ப நேரம் ஷாக் அடிக்கும், தெரியாம கை விடாதீங்க. டிஸ்க்க உள்ள வெச்சபடியே ஸ்விட்ச போடறது அணைக்கறது பண்ணாதீங்க.

சரியா சுத்த ஆரம்பிச்சதும் முதல் வேலையா இமேஜ் (டிஸ்க்கோட முழு நகல்) எடுத்துருங்க. லோகோஸ்கிரிப்ட் ஃபைல் சாதா டெக்ஸ்ட் இல்ல, முதல் மூணு எழுத்து, முதல் வெர்ஷன்னா ஜே, ஓ, ஒய்னு இருக்கும், ஜாய்ஸ்தான் அங்கயும். லோகோஸ்கிரிப்ட்டுக்குள்ளயே டெக்ஸ்ட் ஃபைலா மாத்தற வசதி இருக்கு, எமுலேட்டர்ல ஏத்தி அதுல மாத்தறது சுலபம்.

கடைசில சித்தப்பா டிஸ்க்குல என்ன இருந்துச்சு?

இதத்தான் எல்லாரும் கேக்குறீங்க. மொத்தம் ஏழு டிஸ்க்கு, ஆறு படிச்சுது. லண்டன் வெம்ப்ளில இருந்த சித்தப்பா கடையோட விலைப் பட்டியல், வீட்டு ஓனருக்கு ஹீட்டர் வேலை செய்யலன்னு ஆறு லெட்டர், ஒவ்வொண்ணுலயும் மரியாதை ஒரு படி கொறஞ்சுட்டே வருது, கோயில் திருவிழா நன்கொடை லிஸ்டு. அப்புறம் ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு. லோகோஸ்கிரிப்ட்ல ஒரு ஃபைல அழிச்சா உடனே அழியாது, லிம்போன்னு ஒரு எடத்துக்கு போகும், டிஸ்க்குல எடம் பத்தாம போனாதான் நெஜமா போகும், விண்டோஸ் 95ல ரீசைக்கிள் பின் வர்றதுக்கு பத்து வருஷம் முன்னாடி. இதுல அழகு என்னன்னா அது ஒண்ணும் மாயம் இல்ல, சிபி/எம்ல ஒரு டிஸ்க்க 16 யூசரா பிரிக்கலாம், 0லேர்ந்து 7 வரைக்கும் குரூப்பு, அழிச்சத 8க்கு மேல தள்ளி விட்டுருவாங்க.

போயி பாத்தேன். ஒரே ஒரு ஃபைல். மொத்த வியாபாரி ஒருத்தருக்கு எழுதி, அனுப்பாம அழிச்ச லெட்டர், ரெண்டு மூட்டை துவரம்பருப்பு கொறையுதுன்னு ஆரம்பிச்சு மூணாவது பாராலேர்ந்து முழு கோவம், இங்கிலீஷ்ல எழுதின தமிழ் திட்டு. பிரிண்ட் எடுத்து சித்தப்பாகிட்ட காட்டினேன், கண்ணாடி போட்டு ரெண்டு தடவை படிச்சாரு, "அந்த ரெண்டு மூட்டை இன்னும் வரல"ன்னாரு.